மணலைப் பிடித்து மலையேறுவது எப்படி?

செட்டியார்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் கண்ணில் படும். சேத்தூர், தேவதானம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அடிவாரத்து ஊர்கள் அனைத்துக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைதான் எல்லைச் சுவர். இந்தப் பக்கத்து மக்களுக்குப் பாறை என்றாலே நினைவுக்கு வருவது ஒரு வகைதான். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், சித்திரை வெயிலில் கொதிக்கும், எத்தனை அடைமழை பெய்தாலும் அசையாத கடும்பாறை. சார்னோகைட், நைஸ் என்று புவியியலார் பெயர் சொல்லும் இந்தப் பாறைகள் பூமியின் ஆழத்தில் பல நூறு டிகிரி வெப்பத்தில் வெந்து பிறந்தவை. அவற்றின் படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

இதற்கு நேர்மாறான பாறை ஒன்று உண்டு. அது ஒரு காலத்தில் வெறும் மணல். தனித்தனியாகப் பறந்தும் உருண்டும் வந்த மணல் ஒட்டிக்கொண்டு கல்லானது. அதைத்தான் மணற்கல் என்கிறோம். சில இடங்களில் உள்ளங்கையால் தேய்த்தாலே அதிலிருந்து மணல் உதிரும். ஆனால் உலகெங்கும் பாறையேறும் ஆட்கள் ஆசையோடு தேடிப்போவது இந்தக் கல்லைத்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இந்தியன் கிரீக், ஜோர்டானின் பாலைவனத்தில் வாடி ரம், ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரை ஆகியவை அவர்களுக்குத் தலங்கள் மாதிரி. இந்தியாவில் அப்படியொரு இடம் கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில் இருக்கும் பாதாமி. தமிழர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த ஊர்தான். பல்லவன் படையெடுத்துப் போன வாதாபி அது.

மணலால் ஆன ஒரு சுவர், விரல் நுனியில் தொங்கும் மனிதரின் முழு எடையை எப்படித் தாங்குகிறது? பாறையேற்றத்துக்கு வழிகாட்டி ஒருவர் சொல்லித்தரும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இந்தக் கேள்விக்கான பதில் இருக்கிறது. அந்தக் கல் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் விதிகள் தாமாகவே விளங்கும்.

தேரிக்காட்டில் தொடங்கும் கதை

மணற்கல்லின் முதல் அத்தியாயத்தைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து தென்கிழக்கே சில மணி நேரம் பயணம் செய்தால் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடு வந்துவிடும். குதிரைமொழித் தேரியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குங்கும நிறத்தில் மணல்மேடுகள். காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. மணலில் கலந்திருக்கும் இரும்புக் கனிமங்கள் காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து துருவாகின்றன. அந்தத் துரு ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஹேமடைட் எனப்படும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. பாதாமியின் செம்பாறைக்கும் யூட்டாவின் செங்குத்துச் சுவர்களுக்கும் நிறம் கொடுப்பதும் இதே இரும்புதான்.

தேரி மணல் இன்னும் கல்லாகவில்லை. கல்லாக வேண்டுமென்றால் அது புதைய வேண்டும். மேலே அடுக்கடுக்காக வேறு மண் படிந்து அழுத்த வேண்டும். அப்போது மணிகள் நெருங்கி, ஒன்றை ஒன்று தொடும் முனைகளில் அழுத்தம் ஏறுகிறது. அந்த முனைகளில் குவார்ட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பக்கத்து இடைவெளிகளில் மறுபடியும் படிகிறது. நிலத்தடி நீர் கொண்டுவரும் சிலிக்கா, சுண்ணம், இரும்பு, களிமண் எல்லாம் அந்த இடைவெளிகளில் புகுந்து மணிகளைக் கட்டிவைக்கின்றன.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலை தனி, பாகு தனி. கடலை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், மிட்டாய் உடையுமா உடையாதா என்பதைத் தீர்மானிப்பது பாகின் பதம். மணற்கல்லும் அப்படித்தான். மணி என்னவோ குவார்ட்ஸ். இரும்பைக் கீறக்கூடிய கடினம் அதற்கு உண்டு. ஆனால் கல்லின் பலம் மணியில் இல்லை, மணிகளைக் கட்டும் பசையில் இருக்கிறது. சிலிக்கா கட்டிய மணற்கல் இரும்பு போல நிற்கும். களிமண் கட்டியது கைபட்டால் உதிரும். ஒரே மலையில், ஏன் ஒரே சுவரில், ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் பசை மாறிவிடலாம். அதனால்தான் அனுபவமுள்ள வழிகாட்டி ஒரு பிடியை நம்புவதற்கு முன் விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்க்கிறார். திடமான சத்தம் வந்தால் பிடிக்கலாம். 'டொப்' என்று பொள்ளலாக ஒலித்தால் உள்ளே விரிசல் ஓடுகிறது என்று அர்த்தம்.

பூமி முழுவதும் பாலையாக இருந்தபோது

பாதாமியின் சுவரை உற்றுப் பார்த்தால் இரண்டு வகைக் கோடுகள் தெரியும். ஒன்று, அடுக்கு வைத்தாற்போல் கிடைமட்டமாக ஓடும் கோடுகள். இன்னொன்று, அந்த அடுக்குகளுக்குள்ளே சாய்வாக வெட்டிச் செல்லும் மெல்லிய கோடுகள். இரண்டாவது வகையைக் குறுக்கு அடுக்கு என்கிறார்கள். நீரோ காற்றோ மணலை மேட்டின் முதுகில் தள்ளிக்கொண்டு போய் மறுபக்கச் சரிவில் கொட்டும்போது, கொட்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு சாய்கோடாகப் பதிந்துவிடுகிறது. சாய்வு எந்தப் பக்கம் என்று பார்த்தால், அன்றைய ஓட்டம் எந்தத் திசையில் போனது என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம்.

யூட்டாவில் ஏறுபவர்கள் கை வைக்கும் விங்கேட் மணற்கல் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அசல் பாலைவன மேடு. காற்று குவித்தது. பாதாமியின் கதை வேறு. அங்கே மணலைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் ஆறுகள். காலம், நியோபுரோட்டிரோசோயிக் எனப்படும் யுகம்; 100 கோடி ஆண்டுகளுக்கும் 54 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது.

அந்தக் காலத்து ஆறு எப்படி இருந்திருக்கும்? நிலத்தில் தாவரங்கள் தோன்றியதே சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன் புல் கிடையாது, மரம் கிடையாது, கரையைப் பிடித்துவைக்க ஒரு வேர் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும். ஆறுகள் ஒரே கரைக்குள் அடங்காமல், பின்னலாகப் பிரிந்து, அகன்ற மணல்வெளியாகப் பரந்து கிடந்தன. மழை பெய்யும் இடமாக இருந்தாலும் பசுமை என்ற ஒன்று நிலத்தில் இல்லை. பார்வைக்குப் பூமியின் நிலப்பரப்பு முழுவதுமே பாலைதான். இன்று பாலைவனத்தின் நடுவே நிற்கும் வாடி ரம் பாறைகளில் பெரும்பகுதியும் இப்படிப்பட்ட பழைய ஆறுகள் கொண்டுவந்த மணல்தான் என்பது ஆச்சரியமான உண்மை.

பாதாமியில் ஒரு பிடியைப் பற்றும்போது, புல்லும் மரமும் நிலத்தில் இல்லாத ஒரு காலத்தின் ஆற்றுப்படுகையை நம் விரல்கள் தொடுகின்றன. சார்னோகைட்டுக்கும் வயது உண்டு. ஆனால் அது வெப்பத்தில் வெந்து, தன் பழைய வடிவத்தை இழந்துவிட்ட கல். பாதாமி மணற்கல்லோ பெரிதாக மடியாமல், வேகாமல், படிந்த வாக்கிலேயே நிற்கிறது. அந்தக் கிடை அடுக்குகள்தான் ஏறுபவர்களுக்கு ஏணிப்படிகள். அடுக்குக்கு அடுக்கு பசையின் பலம் மாறுவதால் மென்மையான அடுக்கு அரிபட்டு உள்வாங்குகிறது, கெட்டியான அடுக்கு விளிம்பாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கை வைக்க ஒரு வரி, கால் வைக்க அதற்குக் கீழே ஒரு வரி.

காலை வேளை: கயிறு என்ன செய்கிறது?

பாறையேற்றத்துக்குப் பாதாமியில் நல்ல பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வழிகாட்டிகள் விடியற்காலையிலேயே கிளப்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் விரல் வியர்க்கும், பிடி வழுக்கும். நிழல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தச் சுவரில்தான் அன்றைய வேலை.

முதல்முறை ஏறுபவருக்குக் கயிறு மேலிருந்து வரும். சுவரின் உச்சியில் பதித்த போல்ட்டுகளில் மாட்டிய காரபைனர் என்ற உலோக வளையத்தின் வழியாகக் கயிறு வளைந்து இறங்கும். ஒரு முனை ஏறுபவரின் இடுப்பு வாரான ஹார்னஸில் எட்டு வடிவ முடிச்சாகக் கட்டப்படும். இன்னொரு முனையைக் கீழே நிற்பவர் ஒரு சிறு கருவி வழியாகப் பிடித்திருப்பார். இதற்குப் பிலே என்று பெயர். ஏற ஏற அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். கை நழுவினால் கருவி கயிற்றைக் கவ்விக்கொள்ளும். ஏறுவதற்கு முன் இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் கண்ணால் பார்த்து, கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது.

கிணற்றுக் கயிற்றுக்கும் இந்தக் கயிற்றுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இது நீளக்கூடியது. விழும் மனிதரைச் சட்டென்று நிறுத்தினால் முதுகெலும்பு தாங்காது. நைலான் இழைகளால் ஆன இந்தக் கயிறு நீண்டு, விழுந்த வேகத்தை உள்வாங்கிக்கொண்டு, மெதுவாக நிறுத்துகிறது. 80 கிலோ எடையை விழவைத்துச் செய்யும் தரச் சோதனையில், எடை உணரும் இழுவை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. ஏறத்தாழ 1,200 கிலோ தொங்கினால் உண்டாகும் இழுவை அது. இது மனித உடல் தாங்கும் எல்லையை வைத்து வகுத்த கணக்கு.

போல்ட்டிலும் மணற்கல்லுக்கென்று தனி யோசனை வேண்டும். கடும்பாறையில் துளையிட்டு, உள்ளே விரிந்து இறுகும் போல்ட்டை அடித்தால் போதும். மென்மையான மணற்கல்லில் அந்த விரிவே கல்லைப் பிளந்துவிடக்கூடும். ஆகவே அங்கே துளைக்குள் பிசின் ஊற்றி ஒட்டவைக்கும் போல்ட் பாதுகாப்பானது. துளையின் முழு நீளத்துக்கும் பாரம் பரவும். எந்த ஒரு மணியின் மேலும் அளவுக்கு மீறிய சுமை விழாது.

கால் எப்படி ஒட்டுகிறது?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கையால் ஏறப் பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். 'காலை நம்புங்க' என்பதுதான் வழிகாட்டி முதலில் சொல்லும் வார்த்தை.

கண் மட்டத்தில் ஒரு விளிம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கிவைத்த தடிமன். விரலுக்கே அது போதாது போலத் தோன்றும். ஆனால் சில அடி ஏறியபின் அதே விளிம்பில்தான் கால் நிற்கப்போகிறது. ஷூவின் அடியில் இருப்பது 1980களில் பரவலான மிக மென்மையான ரப்பர். மணற்கல்லின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான மணிகள் பாதி வெளியே தலைநீட்டி நிற்கின்றன. மணற்கல்லில் ஒரு மணியின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை. எடை அழுந்தும்போது ரப்பர் இந்த மணிகளுக்கு இடையே வழிந்து இறங்கிக் கவ்விக்கொள்கிறது. நகர வேண்டுமென்றால் ரப்பர் ஒவ்வொரு மணியின் மீதும் தன்னை மறுபடி வளைத்து ஏற வேண்டும். அதற்குச் செலவாகும் ஆற்றல்தான் உராய்வாக நம்மை நிறுத்திவைக்கிறது.

இதனால்தான் சரிவுப் பாறையில் நிற்கும்போது குதிகாலைத் தாழ்த்தச் சொல்கிறார்கள். குதிகால் தாழ்ந்தால் ரப்பர் அதிகப் பரப்பில் படும். பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டு உடலைச் சாய்த்தால், எடை பாதத்தை அழுத்தாமல் வெளிப்பக்கம் தள்ளும், கால் வழுக்கும். இடுப்பைப் பாதத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து துணிந்து நிமிர்ந்து நின்றால் கால் ஒட்டும். துணிச்சல் என்று நாம் நினைப்பதில் பாதி இயற்பியல்தான்.

கையில் பூசும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பயன்படுத்திய அந்தப் பொடியை 1950களில் அமெரிக்காவின் ஜான் கில் பாறைக்குக் கொண்டுவந்தார். வியர்வையை அது உறிஞ்சும். ஆனால் தொடர்ந்து பூசினால் பாறையில் வெள்ளைத் திட்டுகள் படியும். ஏறி முடித்ததும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு வருவதுதான் மரியாதை. ஜெர்மனியின் எல்பே மணற்கல் பகுதியில் இந்தப் பொடிக்கே அனுமதி இல்லை.

நனைந்த பாறை ஏன் ஆகாது?

மணற்கல்லில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. மழை பெய்தால் ஏறக் கூடாது. வெயில் அடித்து மேற்பரப்பு காய்ந்ததாகத் தெரிந்தாலும் உடனே ஏறக் கூடாது.

வழுக்கும் என்பதால் மட்டுமல்ல. மணிகளுக்கு இடையே இருக்கும் நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன. பசை களிமண்ணாக இருந்தால் அது ஊறி இளகுகிறது. சிலிக்காவே பசையாக இருந்தாலும், விரிசலின் முனையில் தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்து பிணைப்புகளை அறுக்க உதவுகின்றன. பிரிட்டனின் 35 வகை மணற்கற்களை உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் நசுக்கிப் பார்த்து 1992இல் வெளியான ஓர் ஆய்வு, நனைந்ததும் அவை இழந்த பலம் 8 சதவீதம் முதல் 78 சதவீதம் வரை என்று காட்டியது. மாரிக்காலத்துக் கடலைமிட்டாய்க்கு நேர்வதுதான் கல்லுக்கும் நேர்கிறது.

வெளித்தோலுக்கும் உள்ளுக்கும் இங்கே வித்தியாசம் உண்டு. பாறைக்குள் இருக்கும் ஈரம் வெயிலில் மேலே வந்து ஆவியாகும்போது, கரைந்த கனிமங்களை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. காலப்போக்கில் அதுவே கெட்டித் தோலாகிறது. அந்தத் தோல் ஒருமுறை உடைந்தால் உள்ளே இருக்கும் மென்மையான மணல் வெளிப்பட்டு, காற்றிலும் மழையிலும் வேகமாகக் கரையும். அவசரப்பட்டு நனைந்த பாறையில் ஏறுபவர் ஒரு பிடியை உடைத்தால், அது அவருடைய ஆபத்தோடு முடிவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான ஒரு விளிம்பு பின்னால் வரும் எல்லோருக்கும் இல்லாமல் போகிறது. அடிவாரத்து மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் பாறையிலும் ஈரம் இருக்கிறது என்பது மணற்கல் நாடுகளில் புழங்கும் எளிய சோதனை.

சுமையே காவல்

இவ்வளவு இளகிய கல் எப்படித் தூணாகவும் வளைவாகவும் யுகக்கணக்கில் நிற்கிறது? பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிர்ஷி புருத்தான்ஸ் குழுவினர் 2014இல் இதற்கு ஓர் அழகான விடை கண்டார்கள். மணற்கல் துண்டின் மேல் சுமையை ஏற்றி, தண்ணீரில் நனைத்து அரிக்கவிட்டார்கள். சுமை தாங்காத மணிகள் உதிர்ந்து போயின. மீந்த பகுதி சுருங்கச் சுருங்க அதன் மேல் பாரம் கூடியது. பாரம் கூடியதும் மணிகள் ஒன்றையொன்று இறுகப் பூட்டிக்கொண்டு, மேற்கொண்டு அரிபட மறுத்தன. எடையைச் சுமப்பது மிஞ்சுகிறது, சுமக்காதது உதிர்கிறது. இயற்கை செதுக்கிய தூண்களின் வடிவம் அவை தாங்கும் பாரத்தின் வரைபடம்.

மனிதர்களும் அதே கல்லைச் செதுக்கினார்கள். பாதாமியின் மூன்றாவது குடைவரை சக ஆண்டு 500இல், அதாவது 578இல், சாளுக்கிய மங்களேசன் எடுப்பித்தது. கிடை அடுக்குகள் இருந்ததால் தட்டையான கூரை எளிதில் அமைந்தது. மணற்கல் உளிக்கு இணங்கியது. செட்டியார்பட்டிக்காரர்கள் இதை ஒப்பிட்டுப் பார்க்கக் கழுகுமலைக்குப் போனால் போதும். அங்கே 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் கடும்பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான் கோயில் முடிவடையாமல் நிற்கிறது. அந்தக் கல்லில் ஒவ்வோர் அங்குலமும் எவ்வளவு உழைப்பைக் கேட்டிருக்கும் என்பது பாதாமியைப் பார்த்தபின் இன்னும் நன்றாகப் புரியும். 642இல் வாதாபியைப் பிடித்த நரசிம்மவர்மப் பல்லவனின் கல்வெட்டு ஒன்றும் பாதாமிப் பாறையில் சிதைந்த நிலையில் இருக்கிறது. இன்று அதே ஊரில் ஏறுபவர்களின் மிகக் கடினமான தடங்களில் ஒன்றுக்குப் பெயர் கணேஷா. பிரெஞ்சு வீரர் அலெக்ஸாண்டர் ஷாபோ முதலில் ஏறிய அதன் கடினத் தரம் 8பி பிளஸ்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் குடைவரைகளையும் கோட்டையையும் ஒட்டிய பாறையில் கை வைக்காதீர்கள். கவிந்த பாறைகளின் அடியில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும். அங்கே சத்தம் கூடாது, சென்ட் கூடாது. நம் ஊர் மலையில் ஏறிப் பழகலாம் என்று யாரும் காட்டுக்குள் நுழைய வேண்டாம். அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் போவது குற்றம். எந்தப் பாறையிலும் பெயரைக் கீறாதீர்கள். மழை பெய்திருந்தால், ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருந்தாலும், பாறை உள்வரை காயும் மட்டும் காத்திருங்கள். காயாவிட்டால் ஏறாமல் திரும்புங்கள்.